நோர்வேக்கு வரும் தம்பிக்கு: காசை விட பாங்க்ஐடியைக் கவனியுங்கள்

தம்பி, நோர்வேக்கு வேலைக்கு வரும்போது கையில் எவ்வளவு காசு கொண்டுவர வேண்டும், எந்த வங்கி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கியைப் பற்றிக் கவலை வேண்டாம், உங்கள் கொம்பனி சொல்வதையே எடுங்கள். காசுத்தாளும் கொஞ்சம் போதும். இங்கே கடைகளில் நூறு பேர் காசு கட்டினால் தாளை நீட்டுபவர் ஐந்து பேர் கூட இல்லை. ஆள் நிற்கிற கடை 20,000 குரோனர் வரை தாளாகக் கொடுத்தால் வாங்கத்தான் வேண்டும் என்று 2024 ஒக்டோபரில் சட்டத்தை இறுக்கினார்கள், ஆனாலும் சனம் கார்டைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. பழைய சைக்கிள் விற்பவரும் பள்ளிக்கூட விழாவில் கேக் விற்கிற பிள்ளையும் 'விப்ஸ் பண்ணுங்கள்' என்றுதான் சொல்வார்கள். விப்ஸ் என்பது போனில் காசு அனுப்ப 2015இல் வந்த செயலி, இப்போது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

நான் சொல்ல வருவது வேறு. விப்ஸ், வங்கி, வரி, வைத்தியர் எல்லாவற்றுக்கும் சாவி பாங்க்ஐடி, அதாவது இணையத்தில் 'இது நான்தான்' என்று காட்டுகிற மின் அடையாளம். அதற்கு முதலில் இந்த நாட்டு அடையாள எண் வேண்டும், கடவுச்சீட்டோடு நேரில் போக வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். வருகிற கடிதம் எல்லாம் நோர்வேஜிய மொழியில் இருக்கும். அப்போது நம்மவர் ஒருவர் 'கொண்டாரும் தம்பி, நான் செய்து தாறன்' என்று வருவார். பாங்க்ஐடியைக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையெழுத்து. அதை வைத்திருப்பவர் வீட்டில் இருந்தபடியே உங்கள் பெயரில் கடன் எடுக்கலாம். மனைவிக்குக் கூடக் கொடுக்கக் கூடாது, அவருடையது உங்களிடமும் இருக்கக் கூடாது, வங்கியின் விதியே அதுதான். நம் ஆட்களில் சிலர் வீட்டில் எல்லாருடைய பாங்க்ஐடியையும் கணவரே வைத்திருப்பதைக் குடும்ப ஒற்றுமை என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். வங்கி, பொலிஸ் என்று சொல்லி யாராவது போனில் குறியீடு கேட்டாலும் பேசாமல் வெட்டிவிடுங்கள்.

நான் 1987இல் வந்தேன். வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வேலை. அப்போது பில் கட்டுவதற்குக் கிரோ படிவம், கணக்கு எண்ணும் தொகையும் எழுதி, கையெழுத்து வைத்து, உறையில் போட்டு வங்கிக்கு அனுப்ப வேண்டும். எனக்கு முன்பே வந்திருந்த ஒருவர் நிரப்பித் தருகிறேன் என்றார். நம்பி, வெற்றுப் படிவம் மூன்றில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். வீட்டுக்காரரின் எண் இருக்க வேண்டிய இடத்தில் அவர் தன் எண்ணை எழுதிவிட்டார். சூரியன் எழும்பாத மார்கழி மாதம், வீட்டுக்கார அம்மா வாடகை வரவில்லையே என்று கதவைத் தட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு வாயில் மொழியில்லை, வங்கித் துண்டைத்தான் காட்டினேன். அவர் திட்டவில்லை. வாடகையைப் பிரித்துக் கட்டு என்றார், குசினி மேசையில் கோப்பி ஊற்றி வைத்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்து என்னையே எழுத வைத்தார். 7க்கு நடுவில் கோடு போடு, இல்லாவிட்டால் 1 என்று வாசித்துவிடுவார்கள் என்று சைகையால் காட்டினார். இன்றைக்கும் நான் 7ஐ அப்படித்தான் எழுதுகிறேன்.