ஸ்லைடில் எது அசைய வேண்டும்? அனிமேஷன், டிரான்சிஷன் கேள்வி பதில்

பவர்பாயிண்டில் அனிமேஷன் போடுவது பற்றிச் சந்தேகம் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் போடும் பவர்பாயிண்ட் 2019, மைக்ரோசாஃப்ட் 365 இரண்டுக்கும் இது பொருந்தும். மெனு பெயர்கள் திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே தருகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, சேலம்): அனிமேஷனும் டிரான்சிஷனும் ஒன்றா சார்? எதை முதலில் கற்றுக்கொள்வது?

ஒன்றில்லை அம்மா. ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்த ஸ்லைடுக்குப் போகும்போது திரை எப்படி மாறுகிறது என்பது டிரான்சிஷன். ஒரே ஸ்லைடுக்குள் இருக்கும் எழுத்து, படம், கோடு ஆகியவற்றுக்குத் தனித்தனியே கொடுக்கும் அசைவு அனிமேஷன்.

அனிமேஷனில் நான்கு வகை உண்டு. பச்சை நட்சத்திரம் போட்டிருப்பது என்ட்ரன்ஸ், பொருள் உள்ளே வரும். மஞ்சள் எம்ஃபசிஸ், இருக்கும் பொருளே சுழலும் அல்லது நிறம் மாறும். சிவப்பு எக்ஸிட், பொருள் மறையும். நான்காவது மோஷன் பாத், நாம் வரையும் கோட்டில் பொருள் நகரும்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட 'ஸ்டார்ட்' என்ற பெட்டியைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். 'ஆன் கிளிக்' என்றால் நீங்கள் தட்டும்வரை காத்திருக்கும். 'வித் ப்ரீவியஸ்' என்றால் முந்தைய அசைவோடு சேர்ந்தே தொடங்கும். 'ஆஃப்டர் ப்ரீவியஸ்' என்றால் முந்தையது முடிந்ததும் தானே தொடங்கும். அனிமேஷன் பேனை (அசைவுகளை வரிசையாகக் காட்டும் பக்கப் பலகை) திறந்து வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி (விற்பனைப் பிரிவு, கோவை): ஒவ்வொரு ஸ்லைடுக்கும் வேறு வேறு டிரான்சிஷன் வைத்தால்தான் பார்ப்பவர்களுக்குச் சலிப்பு வராது என்கிறார் மேலாளர். சரியா?

சரியில்லை. ஸ்லைடு மாறும் விதம் மாறிக்கொண்டே இருந்தால், அடுத்து என்ன வித்தை வரும் என்றுதான் கண் காத்திருக்கும். நீங்கள் சொல்லும் விலையோ கணக்கோ காதில் ஏறாது. கோப்பு முழுக்க ஒரே டிரான்சிஷன் போதும். மெல்ல மங்கி மாறும் 'ஃபேட்' போட்டு 'அப்ளை டு ஆல்' கொடுங்கள், அதன் இயல்பான 0.7 விநாடி சரியாக இருக்கும்.

வேறொன்றை எடுக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். உற்பத்தி வரிசையின் படம் ஒரு ஸ்லைடில் அடங்காமல் இரண்டில் நீள்கிறது என்று வையுங்கள். அங்கே 'புஷ்' போட்டு வலமிருந்து இடமாக நகர்த்தினால் ஒரே நீளப் படத்தைப் பார்க்கிறோம் என்ற உணர்வு வரும். அசைவுக்கு அங்கே பொருள் இருக்கிறது. 'ரேண்டம்' என்ற பொத்தானை மட்டும் தொடவே வேண்டாம்.

கேள்வி (ஐ.டி.ஐ. பயிற்றுநர், திருச்சி): நான்கு வீச்சு எஞ்சின் வேலை செய்வதைக் காட்ட வேண்டும். வீடியோ போட்டால் பையன்கள் பார்க்கிறார்கள், கேள்வி கேட்டால் பதில் வருவதில்லை. ஸ்லைடிலேயே பிஸ்டனை அசைக்க முடியுமா?

முடியும் சார். இதற்குத்தான் அனிமேஷனே இருக்கிறது என்பேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வீடியோ ஏன் மனதில் நிற்கவில்லை என்று பார்ப்போம். பார்பரா ட்வெர்ஸ்கி, ஜூலி மாரிசன், மிரேய் பெட்ரான்கூர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அசையும் படங்களால் கற்பிப்பது பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2002-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அசையும் படம் நிற்கும் படத்தைவிடத் தானாகவே நன்றாகக் கற்பித்துவிடுவதில்லை என்பது அதன் சாரம். அசைவு சிக்கலாகவும் வேகமாகவும் இருந்தால் கண்ணால் பிடித்துக்கொள்ள முடியாது. ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் இன்னொன்றைச் சொல்கிறார்: பாடத்தைச் சிறு துண்டுகளாக்கி, கற்பவரின் வேகத்துக்கு ஏற்ப நிறுத்தி நிறுத்திக் காட்ட வேண்டும். ஸ்லைடில் 'ஆன் கிளிக்' கொடுக்கும்போது நீங்கள் அதைத்தான் செய்கிறீர்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். சிலிண்டர், பிஸ்டன், இரண்டு வால்வு, கிராங்க் இவற்றைச் சாதாரண ஷேப்களால் வரையுங்கள். ஸ்லைடில் உள்ள பொருட்களைப் பட்டியலிடும் 'செலக்ஷன் பேன்' திறந்து (ஆல்ட், எஃப்10) ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். இல்லாவிட்டால் 'ரெக்டாங்கிள் 14' எது என்று பிறகு தேட வேண்டியிருக்கும்.

முதல் வீச்சு: பிஸ்டனுக்குக் கீழ்நோக்கி ஒரு மோஷன் பாத், 'ஆன் கிளிக்', 2 விநாடி. எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் 'ஸ்மூத் ஸ்டார்ட்', 'ஸ்மூத் எண்ட்' இரண்டையும் 1 விநாடியாக வையுங்கள். நிஜ பிஸ்டனும் மேல் கீழ் எல்லைகளில் வேகம் குறைந்து, நடுவில் வேகமாகப் போகும். ஆனால் கிராங்க் ஒரே சீராகச் சுற்றுவது. அதற்கு 'ஸ்பின்' கொடுத்து 'ஹாஃப் ஸ்பின்', 'வித் ப்ரீவியஸ்', அதே 2 விநாடி வைத்து, ஸ்மூத் இரண்டையும் சுழியமாக விடுங்கள். இன்லெட் வால்வு திறப்பதும் 'வித் ப்ரீவியஸ்'.

இரண்டு இடத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, ஸ்பின் எப்போதும் பொருளின் நடுவை வைத்தே சுற்றும். கிராங்கின் கை ஒரு முனையை வைத்துச் சுற்ற வேண்டும். அதனால் அந்தக் கையை ஒரு பிரதி எடுத்து எதிர்ப்பக்கம் ஒட்டி, அதற்கு நிறமும் விளிம்பும் இல்லாமல் செய்து, இரண்டையும் குரூப் செய்துவிடுங்கள். இப்போது குரூப்பின் நடு என்பது அச்சின் இடமாகிவிடும். கடிகார முள், தராசு எதற்கும் இதே வழிதான்.

இரண்டு, பிஸ்டன் மேலே வரும் இரண்டாவது மோஷன் பாத் பொருளின் பழைய இடத்திலிருந்துதான் தொடங்கும். ஓடவிட்டால் பிஸ்டன் ஒரு குதி குதிக்கும். அந்தப் பாதையின் பச்சை முனையைப் பிடித்து, முதல் பாதையின் சிவப்பு முனை மேல் கொண்டுபோய் வையுங்கள். சிவப்பு முனையைத் தொடக்க இடத்துக்குக் கொண்டு போங்கள்.

நான்கு வீச்சு, நான்கு கிளிக். கிராங்க் மொத்தம் 720 பாகை, அதாவது இரண்டு முழுச் சுற்று. ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் "அடுத்து எந்த வால்வு திறக்கும்?" என்று கேளுங்கள். பையன்கள் பதில் சொன்ன பிறகு தட்டுங்கள். கனெக்டிங் ராடை மட்டும் துல்லியமாக ஆட்டுவது கடினம். முதல் பாடத்துக்கு அது இல்லாமலே போகலாம்.

கேள்வி (கணக்குப் பிரிவு, சென்னை): சார்ட்டில் ஒவ்வொரு ஆண்டாக வர வைக்க முடியுமா? மொத்தமாகத்தான் வருகிறது.

சார்ட்டுக்கு 'வைப்' கொடுங்கள். எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் திசை 'ஃப்ரம் பாட்டம்', கீழே 'பை கேட்டகரி' என்று மாற்றுங்கள். ஆண்டுகள் அடி அச்சில் இருந்தால் ஆண்டு ஆண்டாக வரும். பொருள் வாரியாக வேண்டுமென்றால் 'பை சீரீஸ்'. முதல் கிளிக்கில் வெறும் கட்டம் மட்டும் வந்து நிற்கிறதா? எஃபெக்ட் ஆப்ஷன்ஸ் பெட்டியின் சார்ட் அனிமேஷன் பகுதியில், சார்ட்டின் பின்னணியை வரைந்து தொடங்கு என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். நான் அதை எடுக்கச் சொல்வதில்லை. அச்சுகள் முதலில் தெரிந்தால் அலகு என்ன, அளவு எதுவரை என்று சொல்லிவிட்டு எண்களுக்குப் போகலாம்.

கேள்வி (யாழ்ப்பாணம், ஆசிரியை): சேர், பவர்பொயின்ற்றில் செய்ததைக் கூகுள் ஸ்லைட்ஸில் ஏற்றினேன். பாதி அசைவைக் காணவில்லை.

கூகுள் ஸ்லைட்ஸில் அனிமேஷன் வகைகள் குறைவு ரீச்சர். தோன்றுதல், மறைதல், ஃபேட், பறந்து வருதல், ஸூம், சுழலுதல் இவ்வளவுதான். மோஷன் பாத் கிடையாது, மார்ஃப் (அடுத்த பதிலில் வருகிறது) கிடையாது. ஏற்றும்போது அவை போய்விடும். கடைசியில் கூகுளில்தான் காட்டப் போகிறீர்கள் என்றால் முதலிலிருந்தே 'அப்பியர்' (தோன்றுதல்), 'ஃபேட்' மட்டும் பயன்படுத்துங்கள். அசைவே பாடம் என்றால் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் பவர்பாயிண்டிலிருந்து எம்பி4 வீடியோவாக எடுத்துச் செருகிவிடுங்கள்.

கேள்வி (புவியியல் பட்டதாரி ஆசிரியர், தேனி): மார்ஃப் என்கிறார்களே, அது என்ன? எப்போது பயன்படும்?

2015 கடைசியில் ஆஃபிஸ் 365-க்கு வந்த டிரான்சிஷன் அது. முதல் ஸ்லைடில் ஒரு பொருள் ஓரிடத்தில், அடுத்ததில் வேறிடத்தில் அல்லது வேறு அளவில் இருந்தால், இடைப்பட்ட நகர்வைத் தானே போட்டுக்கொள்ளும்.

உங்களுக்கு இது வரப்பிரசாதம். தமிழ்நாட்டு வரைபடம் உள்ள ஸ்லைடை டூப்ளிகேட் செய்யுங்கள். இரண்டாவதில் படத்தைப் பெரிதாக்கி வைகைப் படுகை நடுவில் வரும்படி நகர்த்துங்கள். மூன்றாவதில் வைகை அணை வரை இன்னும் பெரிதாக்குங்கள். இரண்டாவது, மூன்றாவது ஸ்லைடுகளுக்கு மார்ஃப் கொடுங்கள். மாநிலத்தின் எந்த மூலையில் இருக்கிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தவறவே தவறாது. வெறும் இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். படம் நல்ல தெளிவுள்ளதாக இருக்கட்டும், பெரிதாக்கும்போது மங்கிப்போகும்.

வடிவமே மாறும்போது, உதாரணமாக வட்டம் சதுரமாக வேண்டுமென்றால், இரண்டுக்கும் செலக்ஷன் பேனில் இரண்டு ஆச்சரியக்குறியில் தொடங்கும் ஒரே பெயரைக் கொடுங்கள்: !!அணை என்பது போல. இவை இரண்டும் ஒன்றே என்று மார்ஃப் எடுத்துக்கொள்ளும். சார்ட்டுகளிடம் இந்த வேலை எடுபடாது, அவை மங்கி மாறும். மார்ஃப் இல்லாத பழைய வெர்ஷனில் திறந்தாலும் ஃபேட்தான் தெரியும்.

கேள்வி (வீட்டிலிருந்து வேலை, ஓசூர்): ஸூமில் ஷேர் செய்தால் அனிமேஷன் விட்டு விட்டு வருகிறது என்கிறார்கள். என் பக்கம் நன்றாக ஓடுகிறது.

திரைப் பகிர்வு வழக்கமாகத் தெளிவுக்கு முன்னுரிமை கொடுத்து, ஒரு விநாடிக்குக் குறைந்த எண்ணிக்கையில்தான் படங்களை அனுப்பும். எழுத்து படிக்க அது நல்லது, அசைவுக்கு ஆகாது. ஷேர் செய்யும் பெட்டியில் வீடியோவுக்கு ஏற்றபடி மாற்று என்ற டிக் இருக்கும், அதைப் போடலாம். ஆனால் எதிர்ப்பக்கம் இணைய வேகம் குறைவாக இருப்பவர்களை நினைத்து, ஆன்லைன் கூட்டத்துக்கு 'அப்பியர்' மட்டும் போதும் என்பது என் கருத்து. அது சட்டென்று வந்து நிற்கும், விட்டு விட்டு வர வழியே இல்லை.

கேள்வி (பொறியியல் மாணவர், நெல்லை): அண்ணா, பிடிஎஃப் ஆக்கினால் படங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி விழுகின்றன.

பிடிஎஃபுக்குக் காலம் கிடையாது தம்பி. வந்து மறைய வேண்டியவை எல்லாம் ஒரே நேரத்தில் அச்சாகிவிடும். ஒரு படம் போய் இன்னொன்று வரும் இடத்தில் எக்ஸிட் போடாதே. ஸ்லைடை டூப்ளிகேட் செய்து இரண்டாவதில் புதுப் படத்தை வை, டிரான்சிஷன் 'நன்' (எதுவும் வேண்டாம்). திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது, பிடிஎஃபிலும் இரண்டு பக்கமாகச் சுத்தமாக வரும். கைடுக்குக் கோப்பு அனுப்பும் எல்லோரும் இப்படியே செய்யலாம்.

கேள்வி (திருமண வரவேற்பு வேலைகள் எடுப்பவர், தஞ்சாவூர்): மண்டபத்தில் போட்டோக்கள் தானாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

டிரான்சிஷன் தாவலில் 'ஆஃப்டர்' பெட்டியில் 5 அல்லது 6 விநாடி வைத்து 'அப்ளை டு ஆல்'. 'செட் அப் ஸ்லைடு ஷோ'வில் எஸ்கேப் தட்டும்வரை திரும்பத் திரும்ப ஓடு என்பதை டிக் செய்யுங்கள். பாட்டுக்கு 'ப்ளே அக்ராஸ் ஸ்லைட்ஸ்'. மண்டபத்து டிவியில் பென்டிரைவ் செருகும் வசதிதான் இருக்கிறதென்றால் வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்து கொண்டு போங்கள்.

கேள்வி (தொடக்கப்பள்ளி ஆசிரியை, விழுப்புரம்): வினாடி வினாவில் பிள்ளை தொடும் விடைக்கு ஏற்ப சரி, தவறு வர வேண்டும். கூடவே இன்னொன்று, மின்னும் எழுத்து போடலாமா?

முதல் கேள்விக்கு, குறிப்பிட்ட பொருளைத் தட்டினால் மட்டும் அசைவைத் தொடங்கும் 'ட்ரிக்கர்' உதவும் டீச்சர். 'சரி' என்ற படத்துக்கு அப்பியர் கொடுத்து, ட்ரிக்கர், 'ஆன் கிளிக் ஆஃப்', சரியான விடைப் பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். மற்ற விடைகளுக்கும் அப்படியே. டிரான்சிஷன் தாவலில் 'ஆன் மவுஸ் கிளிக்' டிக்கை மறக்காமல் எடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் விரல் சற்றுத் தள்ளிப் பட்டாலும் அடுத்த ஸ்லைடுக்கு ஓடிவிடும்.

மின்னுவது வேண்டவே வேண்டாம். வலைப்பக்க அணுகல்தன்மை விதிகளில் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்று இருக்கிறது. ஒளி பட்டு வலிப்பு வரக்கூடிய குழந்தை வகுப்பில் இருந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பெரிதாக ஸூம் ஆவது, திரை முழுக்கச் சுழல்வது சிலருக்குத் தலைசுற்றல் தரும். கவனத்தை இழுக்க நிறத்தை ஒருமுறை மாற்றினாலே போதும்.

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வாளர், புதுச்சேரி): வாய்மொழித் தேர்வில் "அந்தப் பழைய ஸ்லைடைக் காட்டுங்கள்" என்பார்கள். பின்னால் போனால் ஒவ்வொரு அனிமேஷனாகப் பின்வாங்குகிறது.

ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள். 7, என்டர் என்றால் நேராக ஏழாவது ஸ்லைடு. ஆனால் அது முதல் நிலையில்தான் திறக்கும், அனிமேஷன்களை மறுபடி தட்டித் தட்டி வரவழைக்க வேண்டும். அதனால் முடிவுகள் உள்ள முக்கிய ஸ்லைடுகள் ஒவ்வொன்றுக்கும், எந்த அனிமேஷனும் இல்லாத ஒரு பிரதியைக் கோப்பின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். தேர்வாளர்கள் தங்களுக்குள் விவாதிக்கத் தொடங்கினால் பி (B) விசையைத் தட்டுங்கள், திரை கறுப்பாகும். மறுபடி தட்டினால் விட்ட இடத்திலேயே திரும்பும்.