உங்கள் சிங்க நாணயம் போலிதானா?

முகம் தேய்ந்து, ஓரம் கோணலாக இருப்பதால் உங்கள் 1648 டச்சு நாணயத்தைப் போலி என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு காரணத்தை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. கேடயத்துக்குப் பின்னால் வீரன், மறுபக்கம் பின்னங்கால்களில் நிற்கும் சிங்கம் என்றால் அது லீயுவன்டால்டர், அதாவது சிங்க டாலர் என்ற டச்சு வெள்ளிக் காசு. சுத்தியலால் அடித்த காசு; வீரனின் தலை பாதி மழுங்கியே வெளிவந்தவை ஏராளம். அழகாக, சீராக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்!

ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த ஹாலந்து மாகாணம் 1575இல் இதை வெளியிடத் தொடங்கியது. பிறகு மற்ற மாகாணங்களும் அடித்தன. விதிப்படி எடை சுமார் 27.68 கிராம், வெள்ளி 75 சதவீதம்தான். மற்ற பெரிய டச்சுக் காசுகளைவிட வெள்ளி குறைவு, வெளிநாட்டில் கொடுக்க இதுவே லாபம் என்பதால் வணிகர்கள் இதையே ஒட்டோமான் துறைமுகங்களுக்கு மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள். நியூயார்க் குடியேற்றத்திலும் இது புழங்கியது.

உங்களுடையது 26.9 கிராம், சரிதான், தேய்மானம் அவ்வளவு இருக்கும். விளிம்பைச் சுற்றி வார்ப்புக்கோடு ஓடுகிறதா, பரப்பில் குமிழ்ப் பள்ளங்கள் உண்டா என்று லென்ஸில் பாருங்கள்; இருந்தால் அது அடித்த காசல்ல, உருக்கி வார்த்த போலியாக இருக்கலாம். அப்புறம், தயவுசெய்து புளியோ பற்பசையோ போட்டுத் தேய்க்காதீர்கள்.