பொலெண்டா ஃப்ரைஸ் ஓவனில் மொறுமொறுப்பாக வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

மக்காச்சோள ரவையில் கிண்டும் இத்தாலியக் களியான பொலெண்டாவைத் துண்டுகளாக வெட்டி, எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் வைத்து எடுக்கும் ஃப்ரைஸ் வெளிப்புறம் மொறுமொறுப்பாகாமல் மெத்தென்று இருந்துவிடுவதாகவும், வெப்பத்தைக் கூட்டினால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெப்பம் அவசியம்தான். ஆனால் மாவுக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம், கிண்டியதை எவ்வளவு நேரம் ஆறவிட்டோம் என்ற இரண்டிலேயே பெரும்பகுதி முதல் நாளே முடிவாகிவிடுகிறது.

வட இத்தாலியின் லொம்பார்டி, வெனெட்டோ பகுதிகளில், சூடாக உண்டது போக மீந்த பொலெண்டா இறுகிய பிறகு அதை வெட்டி மறுநாள் சுட்டோ வறுத்தோ சாப்பிடுவது நெடுநாளைய வழக்கம். நீங்கள் செய்ய விரும்பும் பண்டமும் அந்த வழியில் வந்ததுதான் என்பதால், கிண்டிய சூட்டோடு வெட்டி ஓவனில் வைக்க முயல வேண்டாம்.

முதலில் மாவைக் கவனியுங்கள். இதற்கு வேண்டியது மஞ்சள் மக்காச்சோள ரவை. கார்ன் ஃப்ளார் என்ற பெயரில் நம் கடைகளில் விற்கும் வெள்ளை மாவு வெறும் ஸ்டார்ச் என்பதால் அது உதவாது. தட்டில் தளதளவென்று பரிமாறும் பொலெண்டாவுக்கு ஒரு பங்கு ரவைக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் ஊற்றுவார்கள். ஃப்ரைஸுக்கு அது மிக அதிகம். 200 கிராம் ரவைக்கு 700 மில்லி லிட்டர் தண்ணீர் போதும். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் ரவையைச் சிறிது சிறிதாகத் தூவிக் கட்டி தட்டாமல் கலக்கி, தீயைக் குறைத்து, கேழ்வரகுக் களி கிண்டுவதைப் போல அடிபிடிக்காமல் கிண்டுங்கள். பருவட்டு ரவை நன்றாக வேக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாத்திரத்தின் ஓரங்களை விட்டு அது திரண்டு வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு, விருப்பமிருந்தால் துருவிய பார்மிசான் சீஸ் 40 கிராம் சேர்க்கலாம். சுவையோடு நிறமும் கூடும். பாலோ க்ரீமோ சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அவை உட்புறத்தைக் குழைவாக்கிவிடுகின்றன.

எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பிச் சமப்படுத்துங்கள். வெந்தபோது தண்ணீரை உறிஞ்சி உப்பிய ஸ்டார்ச், ஆறும்போது அதன் மூலக்கூறுகள் மீண்டும் ஒன்றோடொன்று இணைவதால் கெட்டிப்படுகிறது. இந்த மாற்றம் குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் இன்னும் விரைவாக நடக்கும். சூடு தணிந்ததும் மூடி போடாமல் இரவு முழுவதும் உள்ளே வைத்தால், இறுகுவதோடு மேற்பரப்பும் காய்ந்துவிடும். மேற்பரப்பு அப்படிக் காய்வது மிக முக்கியம்: மேலே ஈரம் இருக்கும் வரை ஓவனின் வெப்பம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாவதால், மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டிப் பொன்னிறமாக முடியாது.

மறுநாள் விரல் கனத்துக்கு வெட்டி, துணியால் ஒற்றி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் உடையாமல் புரட்டுங்கள். மேலே சிறிது உலர்ந்த ரவையைத் தூவினால் கூடுதல் மொறுமொறுப்புக் கிடைக்கும். ஓவனை 220 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கும்போது வெறும் தட்டையும் உள்ளேயே வைத்துவிட்டு, அது நன்கு காய்ந்த பிறகு துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள், ஏனெனில் நெருக்கி அடுக்கினால் ஒன்றிலிருந்து வெளியேறும் நீராவியில் மற்றது வெந்துகொண்டிருக்கும். முதல் இருபது நிமிடங்கள் அவற்றைத் தொடாதீர்கள். அடிப்புறம் மேலோடு கட்டுவதற்கு முன் திருப்பினால் தட்டில் ஒட்டிப் பிய்ந்துவிடும். திருப்பிய பின் இன்னும் பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் ஆகலாம். சிறிய ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்அடுப்பு) வைத்திருப்பவர்கள் மேல், கீழ் இரு சூடேற்றும் கம்பிகளையும் இயக்கிவிட்டு, ஒரே முறையில் எல்லாவற்றையும் திணிக்காமல் இரண்டு தடவையாகச் செய்வது நல்லது.

வெந்ததைத் தட்டில் குவிக்காமல் கம்பி வலையின் மேல் எடுத்து வைத்து, பூண்டு சேர்த்த தயிருடனோ காரமான தக்காளிச் சாஸுடனோ உடனே பரிமாறுங்கள். விருந்தினர் வரும் நாளுக்கு முன்பே தயார் செய்ய விரும்பினால், வெட்டிய துண்டுகளைத் தனித்தனியாகப் பரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்த பிறகு பையில் போட்டு வைத்துக்கொள்ளலாம். அவற்றை இளக விடாமல் அப்படியே எண்ணெயில் புரட்டிச் சூடான தட்டில் அடுக்கி, சில நிமிடங்கள் கூடுதலாக விட்டால் போதும்.