டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்: மும்பை பாத்ரூம் கேள்வி பதில்

செம்பூர்: சார், பழைய பில்டிங், ரெண்டாவது மாடி. கீழ்வீட்டு சீலிங்ல ஈரம்னு மாமி தினமும் வந்து நிக்கறாங்க. இடிக்கவே வேண்டாம், டைல்ஸ் இடுக்குல எபாக்ஸி கிரவுட் போட்டா போதும்னு மிஸ்திரி சொல்றார். போதுமா?

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஊருக்குப் போய் ரெண்டு நாள் யாரும் குளிக்காமல் இருந்தும் ஈரம் ஏறுகிறதா? சுவருக்குள் ஓடும் சப்ளை பைப் மேல் சந்தேகப்படுங்கள். குளித்தால்தான் ஏறுகிறதா? தரை, இல்லையென்றால் நானி ட்ராப் (தரைத் தண்ணீர் இறங்கும் வடிகால் கிண்ணம்). ட்ராப் வாயை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரைத் தரையில் தேக்கிப் பாருங்கள். கீழே சாயம் தெரிந்தால் தரை. தெரியாமல், அடைப்பை எடுத்து ஊற்றியதும் கசிந்தால் ட்ராப்.

ட்ராப் கான்கிரீட்டோடு சேரும் வளையம்தான் பெரும்பாலும் குற்றவாளி. கிரவுட் அந்த இடத்தைத் தொடக்கூட முடியாது. ஸ்லாப் வரை உடைத்து, பழைய கோபாவை (டைல்ஸுக்கு அடியில் போட்ட செங்கல் துண்டு நிரப்பலை) அள்ளி, பைப்பைப் பிரஷர் டெஸ்ட் செய்து, அப்புறம் வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட். தரையும் சுவரும் சேரும் மூலையில் ஃபைபர் மெஷ் பதிக்கச் சொல்லுங்கள். கோட் சுவரில் ஒரு அடியாவது ஏறணும், ஷவர் பக்கம் ஆறடி. காய்ந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வையுங்கள். அந்த நேரத்தில் மாமியையும் சொசைட்டி செக்ரட்டரியையும் கூப்பிட்டு சீலிங்கைக் காட்டிவிடுங்கள். பின்னால் சண்டை வராது.

மாட்டுங்கா: பழைய டைல்ஸ் மேலயே புதுசு ஒட்டலாமா?

ஒழுகாத பாத்ரூம் என்றால் ஒட்டலாம், கதவு இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. ஒழுகினால் வேண்டாம்.

முலுண்ட்: அண்ணா, கீசர் ஓடும்போது ஷவரைத் தொட்டா விரல்ல சுருக்குனு இருக்கு. எர்த் வரலையாம். சாக்கெட்லயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துட்டா சரியாயிடும்னு பிளம்பர் சொல்றார்.

தம்பி, இதைப் படித்த கையோடு கீசர் எம்சிபியை (போர்டில் இருக்கும் ட்ரிப் சுவிட்சை) இறக்கிவிடு. அந்த இணைப்பு வேண்டவே வேண்டாம். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும், அதிலிருந்து ஷவருக்கும். பிளம்பருக்கு இதில் வேலையே இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் உறை வெடித்திருக்கலாம், மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்து அளந்தால் தெரிந்துவிடும். எர்த் வயரை மீட்டர் போர்டு வரை தேடச் சொல்.

எம்சிபி இருக்கிறதே என்று நினைக்காதே. 16 ஆம்பியர் எம்சிபி வயரைக் காப்பாற்றத்தான். மனுஷனுக்கு 100 மில்லி ஆம்பியரே உயிர்ப் பிரச்சினை, எம்சிபிக்கு அது கண்ணுக்கே தெரியாது. கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடு. எர்த்துக்குப் பதிலாக இல்லை, இரண்டும் வேண்டும்.

காட்கோபர்: ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகுது சார். 100 மில்லி ஆம்பியர் மாத்திடலாமா?

100 தீ விபத்துக்கான காவல், ஷாக்குக்கு இல்லை. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். கீசரைப் போட்டதும் விழுந்தால் எலிமென்ட். வீட்டில் ரெண்டு ஆர்சிசிபி இருந்தால், ஒன்றின் நியூட்ரல் மற்றதோடு கலந்திருக்கிறதா என்றும் பார்க்கணும். ரெனவேஷன் முடிந்த வீடுகளில் இந்தக் கூத்து சகஜம்.

டோம்பிவிலி: வாஷிங் மெஷின் சாக்கெட் ஷவர் பக்கத்துலதான் வருது. மூடி போட்ட சாக்கெட் வச்சா போதுமா?

போதாது. நம் ஊர் ஷவருக்குக் கீழே தொட்டி கிடையாது, அதனால் ஷவரிலிருந்து சுற்றிலும் 1.2 மீட்டர், உயரத்தில் 2.25 மீட்டர் வரை சாக்கெட், சுவிட்ச் கூடாது. நாலுக்கு ஆறு பாத்ரூமில் அந்த அளவு கிட்டத்தட்ட மொத்த அறையும் தான்! மெஷினை வெளியே தள்ளுங்கள். கீசர் சுவிட்சும் கதவுக்கு வெளியே. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும், அதற்குத் தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர். பூசுவதற்கு முன் அளவு டேப்பை சுவரில் பிடித்து பைப், கான்டியூட் (வயர் ஓடும் குழாய்) எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். நாளைக்கு டவல் ராடுக்கு டிரில் போடுகிறவனுக்கு அதுதான் மேப்.

சயான்: மழைக்காலத்துல ஆரம்பிக்கலாமா?

உடைக்கலாம், பைப் மாற்றலாம். கோட் அடிக்க ஸ்லாப் காயணும். ஜூலையில் வெளிச்சுவரும் ஊறியிருக்கும், எது மழை, எது பாத்ரூம் என்றே தெரியாது. கணபதிக்கு முன்னால் முடிக்கணும் என்று மிஸ்திரியை விரட்டினால், அவர் முதலில் வெட்டுவது அந்த 48 மணி நேரத்தைத்தான். நவம்பர் வரை பொறுங்கள்.