அப்பா கடையின் கொத்தமல்லி

கேள்வி: கோவையில் மென்பொருள் வேலை செய்கிறேன், வயது 26. சாத்தூரில் அப்பாவின் மளிகைக்கடைக்கு ஓர் ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம்) பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுத்தேன். அதில் சில தமிழ்ப் பெயர்கள் தேடினால் வராது. கொத்தமல்லி பட்டியலில் இருக்கும். தேடினால் இல்லை என்னும். மூன்று வரி எழுதி நானே சரிசெய்தேன், எட்டு மாதமாக நன்றாக ஓடுகிறது. (புது வெர்ஷன் வந்தால் ஊருக்குப் போய் மறுபடி சேர்த்துவிட்டு வருவேன்.) இதை அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கே அனுப்ப ஆசை, ஆனால் கை வரவில்லை. என் ஆங்கிலம் சுமார். 'இதுகூடத் தெரியாதா' என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டால்? இந்தப் பயத்தை எப்படிப் போக்குவது?
— பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, பயம் எல்லாருக்கும் வருவதுதான் என்று நான் தொடங்குவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இதே கேள்வி எனக்கு நிறைய வந்துவிட்டது. அப்படிச் சொல்லி யாருக்கும் பயம் போனதாகத் தெரியவில்லை.

அடைப்புக்குறிக்குள் போட்டுத் தாண்டிவிட்டீர்களே ஒரு வரி, அதுதான் எனக்கு உறுத்துகிறது. புது வெர்ஷன் வந்தால் ஊருக்குப் போகிறீர்கள். நாளைக்கே கம்பெனி உங்களை ஜெர்மனிக்கு அனுப்பினால்? கல்யாணம், குழந்தை என்று ஆறு மாதம் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்க முடியாமல் போனால்? கடைப்பையன் தெரியாமல் அப்டேட்டை அழுத்திவிடுவான். சாயங்காலக் கூட்டத்தில் அப்பா கொத்தமல்லியைத் தேடிக்கொண்டு நிற்பார். கொத்தமல்லி மட்டுமா? கோதுமை, சோம்பு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை! அப்பாவுக்கு உதவியதாக நினைக்கிறீர்கள். அவர் கடையை உங்கள் லீவு நாளோடு கட்டிப்போட்டிருக்கிறீர்கள். பெற்றவர்களுக்குச் செய்கிற காரியம் நாம் பக்கத்தில் இல்லாதபோதும் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. கூச்சம் உங்களுடையது, அதற்கு வாடகை கட்டுவது அவர்.

நீங்கள் பிடித்த கோளாறு சின்னதும் இல்லை. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கிற முறையான யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒரே எண்ணாக வரலாம். அல்லது ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு எண்களாக வரலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்லி, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர என்எஃப்சி என்றொரு முறையும் வைத்திருக்கிறது. உங்கள் மூன்று வரி அதைத்தான் செய்கிறது என்று நினைக்கிறேன். மலையாளத்திலும் வங்காளத்திலும் சிங்களத்திலும் ஒகரத்துக்கு இதே கதைதான். கோழிக்கோட்டிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு கடைக்காரர் இதே மென்பொருளை வைத்துக்கொண்டு, சரக்கு இருக்கிறதே, காணோமே என்று முழித்துக்கொண்டிருக்கலாம். மருந்து உங்கள் லேப்டாப்பில் எட்டு மாதமாகத் தூங்குகிறது.

அப்பா அந்த மென்பொருளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தாரா? யாரோ ராத்திரி கண்விழித்து எழுதியது அது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உங்கள் அம்மா சொல்லித்தரவில்லையா?

திட்டுகிறவர்களே கிடையாது என்று பொய் சொல்ல மாட்டேன். லினக்ஸ் என்கிற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டில் அதைப் பற்றி முதலில் அறிவித்தபோது 21 வயது மாணவர். இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வராது என்றுதான் எழுதினார். அதே மனிதர் பிற்காலத்தில் அடுத்தவர் அனுப்பியதைக் காய்ச்சி எடுத்துப் பேர் வாங்கினார். 2018-ல் அதற்கு மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கியும் இருந்தார். ஆனால் மூன்று வரித் திருத்தத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது மௌனம். மென்பொருளை எழுதியவர்களுக்கும் ஆபீஸ் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு வாரம் பொறுத்து, பணிவாக ஒரு வரி நினைவூட்டுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பங்களிப்போருக்கான விதிமுறைக் கோப்பு இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். தனிக் கிளையில் (நிரலின் தனிப் பிரதி மாதிரி) இந்த ஒரு திருத்தம் மட்டும் இருக்கட்டும். போகிற போக்கில் வேறெதையும் அழகுபடுத்தாதீர்கள். ஆங்கிலத்துக்கு நாலு வாக்கியம் போதும்: எதைத் தேடினேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், எதை மாற்றினேன். இரண்டு விதக் 'கொத்தமல்லி'யையும் வைத்து ஒரு டெஸ்ட், அதாவது திருத்தம் வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சின்ன நிரல், எழுதிச் சேர்த்துவிடுங்கள். என் முதல் புல் ரிக்வெஸ்டுக்கு (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு அனுப்புவது) 'நன்றி, ஒரு டெஸ்ட்டும் சேருங்கள்' என்று பதில் வந்தது. அதை வசவாகப் படித்து இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தவள் நான்.

உங்களிடமும் கேள்வி கேட்பார்கள். தேடும் சொல்லை மட்டும் மாற்றினாயா, ஏற்கெனவே சேமித்த பெயர்களையும் மாற்றினாயா என்று கேட்கலாம். பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். அப்பா கடையில் இன்னும் மாட்டாத ஓட்டை ஒன்று அந்தக் கேள்வியில் மாட்டும்.

அடுத்த வெர்ஷனுக்குள் அனுப்பிவிடுங்கள். அது ஏறினதும் ஒரு தடவை லேப்டாப் இல்லாமல் சாத்தூருக்குப் போய், கல்லாவில் நீங்கள் உட்காருங்கள். அப்பா ஒருநாளாவது மத்தியானம் வீட்டுக்குப் போய் நிதானமாகச் சாப்பிடட்டும்.