பாதி வீடு யாருக்கு லாபம்? குடியிருப்பும் கலையும்: கேள்வி பதில்

ஏழைகள் வாழும் தெருக்களில் கட்டடக் கலைஞர்களும் ஓவியர்களும் செய்த வேலைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி (திருச்சி வாசகர்): 2015இல் பிரிட்டனின் டர்னர் பரிசை ஒரு கட்டடக்கலைக் குழுவுக்குக் கொடுத்தார்களாமே? அது கலைஞர்களுக்கான பரிசு இல்லையா?

பதில்: ஆமாம், லண்டனைச் சேர்ந்த அசெம்பிள் என்ற குழு. ஆனால் அவர்களுக்கு முன்னால், லிவர்பூலில் கிரான்பி பகுதிக்காரர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பகுதி அடங்கிய டாக்ஸ்டெத் வட்டாரத்தில் 1981இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு அங்கே வீடுகள் வரிசையாகக் காலியாயின. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று அதிகாரிகள் திட்டம் மேல் திட்டம் போட்டார்கள். கடைசியில் மிஞ்சியவை நான்கு தெருக்கள்தான். போக மறுத்த சிலர், முக்கியமாகப் பெண்கள், தெருவைத் தாங்களே கூட்டினார்கள். பலகை அடித்து மூடியிருந்த வீடுகளுக்கு வண்ணம் பூசினார்கள், நடைபாதையில் செடி வளர்த்தார்கள், தெருவிலேயே சந்தை நடத்தினார்கள். 2011இல் நிலத்தையும் வீடுகளையும் ஊர்ப் பொதுவில் வைத்துக்கொள்ளச் சமூக அறக்கட்டளை ஒன்றை அமைத்தார்கள். அந்த அறக்கட்டளைக்கு 10 வீடுகளைப் புதுப்பித்துத் தரும் வேலைதான் அசெம்பிளுக்கு வந்தது.

அந்த வீடுகளின் கணப்பைச் சுற்றி, அதாவது குளிர்காய நெருப்பு மூட்டும் மாடத்தைச் சுற்றி, வைக்கும் கல்சட்டத்தைப் பாருங்கள். இடிபாட்டில் கிடந்த செங்கல்லையும் ஸ்லேட் கல்லையும் உடைத்து, சிமென்டில் கலந்து வார்த்து, மெருகேற்றியிருக்கிறார்கள். நம் பழைய வீடுகளின் மொசைக் தரை மாதிரியே சிவப்பும் சாம்பலுமாகத் துணுக்குகள் தெரியும். பீங்கான் கதவுக் குமிழ்களை மரத்தூளில் புதைத்துப் புகைய விட்டதால், ஒவ்வொரு குமிழிலும் கறை ஒவ்வொரு மாதிரி விழுந்திருக்கிறது. இடிக்க வேண்டியது என்று மற்றவர்கள் ஒதுக்கிய வீட்டின் கல்லையே அந்த வீட்டின் நடுக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். இது கலை இல்லை என்றால் வேறு எதுதான் கலை? பரிசு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போனது.

கேள்வி (மதுரை வாசகர்): சிலி நாட்டில் அரசே பாதி வீடு கட்டிக் கொடுத்தது என்று படித்தேன். ஏழை என்றால் பாதி போதுமா, சார்? கோபம்தான் வருகிறது.

பதில்: கோபம் நியாயம்தான், எனக்கும் முதலில் வந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். இக்கீக்கே நகரின் நடுவே அரை ஹெக்டேர் நிலத்தில் சுமார் 100 குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்தன. அரசின் உதவித்தொகை குடும்பத்துக்கு 7,500 டாலர். நிலம், குழாய், கட்டடம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். நகருக்கு வெளியே போனால் மலிவான நிலம் கிடைத்திருக்கும், வீடும் பெரிதாக வந்திருக்கும். ஆனால் வேலையும் பள்ளிக்கூடமும் தூரமாகிவிடும். சிலிக் கட்டடக் கலைஞர் அலெஹாண்ட்ரோ அரவேனாவின் எலமென்டல் குழு அதே இடத்தில் கட்ட முடிவெடுத்தது. 2004இல் வேலை முடிந்தது.

பாதி என்றால் எந்தப் பாதி என்பதுதான் விஷயம். அஸ்திவாரம், கூரை, பக்கத்து வீட்டோடு சேரும் சுவர், மாடிப்படி, சமையலறை, குளியலறை என்று ஒரு குடும்பம் தானாகக் கொத்தனாரை அமர்த்திச் செய்துகொள்ள முடியாத வேலைகளை அரசுப் பணத்தில் முடித்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் காலியாக ஓர் இடைவெளி. காசு சேரச் சேர, வீட்டுக்காரர் அதை அடைத்து அறையாக்கிக்கொள்ளலாம். இன்று படங்களில் பார்த்தால், ஒருவர் மரப்பலகையில் அடைத்திருக்கிறார், இன்னொருவர் செங்கல்லில். சன்னல்கூட ஒன்றுபோல் இல்லை.

இதில் குறையும் உண்டு. கூலிக்குப் போய்த் திரும்புகிறவர்தான் மீதிப் பாதியையும் கட்ட வேண்டும். உடம்புக்கு முடியாதவர்கள், தனியாக வாழும் முதியவர்கள் என்ன செய்வார்கள்? இந்த முறையை இங்கே கொண்டுவர நினைக்கும் அரசு முதலில் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி (சென்னை வாசகி): இந்தியாவில் இதற்கு முன் இப்படி யாரும் செய்யவில்லையா?

பதில்: செய்தார்கள், அதுவும் சிலிக்கு முன்பே. இந்தூரில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில் ஏறக்குறைய 6,500 மனைகள். மாதிரிக்கு 80 வீடுகளை மட்டும் கட்டிக் காட்டினார், மற்றதை மக்களே வளர்த்துக்கொண்டார்கள். 1995இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. இன்னும் பழையது வேண்டுமா? உங்கள் ஊரிலேயே அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர். உலக வங்கிக் கடனில் 1970களின் இறுதியில் தொடங்கி, மனையும் அடிப்படை வசதியும் கொடுத்த திட்டங்கள் அங்கே இருக்கின்றன.

கேள்வி (கட்டடக்கலை மாணவி, மூன்றாம் ஆண்டு): சென்னை கண்ணகி நகரில் 2020இல் வரைந்த சுவரோவியங்களால் உண்மையில் பயன் உண்டா, அண்ணா?

பதில்: உண்டும்மா, ஆனால் எதற்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் கண்ணகி நகர் மக்கள். முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்பது அங்கே பலர் சொல்லும் வலி. தெருக்கலைக்கான ஸ்டார்ட் இந்தியா (St+art India) அறக்கட்டளையும் மாநகராட்சியும் சேர்ந்து செய்த ஓவியங்களில் பல அடுக்குமாடி உயரத்துக்கு முகங்கள் சிரிக்கின்றன. வெளியூர்க்காரர்கள் படம் எடுக்க வருகிறார்கள், ஊர்ப்பெயர் வேறு காரணத்துக்காகச் செய்தியில் வருகிறது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் நகரத்துக்குள் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் பேருந்துப் பயண நேரத்தை ஓவியம் குறைக்காது. அந்தக் குடும்பங்களை அவ்வளவு தூரம் அனுப்பிய முடிவு அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி (அதே மாணவி): அப்படியென்றால் என் புராஜெக்டுக்கு எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?

பதில்: சுவரை அளப்பதற்கு முன் ஒரு காலைப்பொழுது தண்ணீர்க் குழாயடியில் நில்லுங்கள். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எத்தனை குடம், எந்த மாடிக்குத் தூக்கிப் போகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் வரைபடத் தாளை எடுங்கள். அரவேனாவின் குழு தன் குடியிருப்பு வடிவங்களில் நான்கை 2016இல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக இணையத்தில் வெளியிட்டது. அவற்றை உங்கள் குறிப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் பொருந்தவில்லையோ, அங்கேயே ஆரம்பியுங்கள்.