ஜப்பானில் பௌத்த ஈமச்சடங்கு நிறுவனத்தில் சேரப் போகும் தம்பிக்கு

தம்பி, டோக்கியோவுக்கு அடுத்த சைதாமாவில் பௌத்த முறைப்படி காரியங்கள் நடத்தும் ஒரு சின்ன நிறுவனம் உங்களை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது, மொழித் தேர்வில் என்-2 தேறியிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். துக்கத்தில் இருக்கும் ஜப்பானியக் குடும்பம் வெளிநாட்டவன் கையை ஏற்குமா, அங்கே கருணையோடு நடந்துகொள்வது என்றால் என்ன, பின்னாளில் சொந்தமாகத் தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஏற்பார்கள். அப்பாவை இழந்து இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனைப் பின்வாசலில் நிற்பவருக்கு நீங்கள் எந்த ஊர் என்று யோசிக்கத் தெம்பு இருக்காது. அடுத்து என்ன என்று நிதானமாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்குக் கேட்கத் தெரியாததை நாமே முதலில் கேட்டுவிடுவதையும், பின்னால் திடுக்கிட வைக்கும்படி எதையும் மிச்சம் வைக்காததையும்தான் இந்தத் தொழிலில் நான் கருணை என்று மதிக்கிறேன். மென்மையான குரல் பழகினால் வந்துவிடும். இதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் இரவில் கேட்க வேண்டியவை இரண்டு. உடலை வீட்டுக்குக் கொண்டுபோவதா, நம் பாதுகாப்பறைக்கா என்பது ஒன்று. சில மணி நேரத்துக்குள் உடலை எடுத்துவிடும்படி மருத்துவமனை சொல்லும். அதனால் குடும்பம் அவசரத்தில் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிடும். வீடு என்றால் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுத்தபடி நுழையுமா, படிக்கட்டு திரும்பும் இடம் எவ்வளவு அகலம், விரிப்புப் போட எந்த அறை என்பதை வண்டி கிளம்பும் முன்பே கேளுங்கள். தலைமாடு வடக்கே இருக்க வேண்டும். அறை இடம் தராவிட்டால் மேற்கே வைப்பார்கள்.

மற்றக் கேள்விதான் முக்கியம்: ஊரில் குடும்பக் கோயில், அதாவது போதைஜி, இருக்கிறதா? டோக்கியோ பக்கம் குடியேறிய பல குடும்பங்களின் கல்லறை அகிதாவிலோ கியூஷூவிலோ ஒரு கோயில் வளாகத்தில் இருக்கும். அதைக் கேட்காமல் நமக்குப் பழக்கமான பிக்குவை அழைத்து, இறந்தவருக்கு கைம்யோ என்னும் சமயப் பெயரையும் அவரிடமே வாங்கிவிட்டால், பிறகு அந்த ஊர்க்கோயில் அஸ்தியைக் கல்லறையில் வைக்க மறுக்கலாம். மீண்டும் பெயர், மீண்டும் காணிக்கை, உறவினர் நடுவே மனத்தாங்கல் என்று அது வளரும். ஆகவே தேதி குறிக்கும் முன் கோயிலுக்குத் தொலைபேசி செய்யச் சொல்லுங்கள். தூரம் என்றால் அந்தக் கோயிலே டோக்கியோவில் உள்ள தன் பிரிவுக் கோயிலை அனுப்பிவைப்பதும் உண்டு.

கோயில் தெரிந்தால் பிரிவு தெரிந்துவிடும். பிரிவு தெரியாமல் எதையும் தொடாதீர்கள். பெரும்பாலான பிரிவுகளில் இறந்தவர் பயணம் போகிறவர். வெள்ளை உடை, கைத்தடி, கழுத்தில் ஒரு பை, பையில் ஆறு காசு. உலோகம் எரியாது என்பதால் இப்போது காசைக் காகிதத்தில் அச்சடித்து வைக்கிறோம். உடையின் வலப்பக்க மடிப்பு மேலே வரும். உயிருள்ளவர் உடுத்துவதற்கு நேர் மாறு. ஜோதோ ஷின்ஷூ பிரிவிலோ இறந்த கணமே அமிதாப புத்தரின் அருளால் பிறவி முடிந்துவிடுகிறது. பயணம் கிடையாது; பயண உடையும் கைத்தடியும் கிடையாது. உதட்டை நனைக்கும் கடைசித் தண்ணீர் இல்லை. வீடு திரும்புகிறவர்களுக்குத் தீட்டுக் கழிக்கும் உப்பும் தருவதில்லை. சாம்பிராணித் தூளை நெற்றிக்கு உயர்த்தாமல் அப்படியே தணலில் இடுவார்கள். பண உறையில் மற்றவர்கள் எழுதும் ‘கொரெய்ஸென்’ (ஆவியின் முன்) இங்கே ஆகாது. ‘கொபுட்சுஸென்’ (புத்தரின் முன்) என்றுதான் எழுத வேண்டும். இந்தப் பிரிவுக் குடும்பத்திடம் உப்புப் பொட்டலத்தை நீட்டினால் வாய்விட்டுக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

இனி பணம். இந்தத் தொழிலின் மேல் வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. விளம்பரத்தில் ஒரு தொகை, கடைசி பில்லில் அதைப்போல் இரண்டு மடங்கு. காரணம் எளிது. செலவு நான்கு கூறாக வரும், விளம்பரம் முதல் கூறை மட்டும் சொல்லும். முதலாவது நம் கட்டணம்: பெட்டி, பூ, பீடம், வண்டி, ஆட்கள். இரண்டாவது ஆள் கணக்கில் ஏறுவது: சாப்பாடும், மொய்க்குப் பதிலாகக் கொடுக்கும் பொருளும். மூன்றாவது தகனக்கூடம். நான்காவது பிக்குவுக்கு ஒஃபுசே என்னும் காணிக்கை. எஸ்டிமேட்டில் நான்கையும் தனித்தனியாகக் காட்டுங்கள். எது மாறாது, எது ஆள் எண்ணிக்கையோடு ஏறும், எது நாள் தள்ளிப்போனால் ஏறும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். டிரை ஐஸ் ஒரு நாளைக்கு சுமார் 10 கிலோ வேண்டும். குறைந்த விலைத் திட்டத்தில் இரண்டு மூன்று நாளுக்குத்தான் அது சேர்ந்திருக்கும். குளிர்காலத்தில் தகனக்கூடம் கிடைக்க ஒரு வாரம் ஆனால் மிச்ச நாள் ஐஸும் அறை வாடகையும் தனியாக ஏறும்.

தகனக்கூடக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறுவதையும் சொல்ல வேண்டும். பல ஊர்களில் அது நகராட்சிக்குச் சொந்தம், உள்ளூர்வாசிக்கு மிகக் குறைவு. டோக்கியோவின் 23 வார்டுகளில் உள்ள ஒன்பது தகனக்கூடங்களில் இரண்டு மட்டுமே அரசுடையவை, மற்றவை தனியாருடையவை. அங்கே செலவு பல மடங்கு. தோமொபிகி, அதாவது நண்பரையும் கூட இழுத்துப்போகும் என்று அஞ்சப்படும் நாளில், பல கூடங்கள் மூடியிருக்கும். அதற்கும் பௌத்தத்துக்கும் சம்பந்தமில்லை, நாட்காட்டி வழக்கம். ஆனால் குடும்பத்தின் அட்டவணை அதனால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

ஒஃபுசே எவ்வளவு என்று பிக்குவிடம் நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு இரவெல்லாம் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. ‘மற்றவர்கள் வழக்கமாக எவ்வளவு வைக்கிறார்கள்’ என்று கோயிலிலேயே கேட்கலாம், அது மரியாதைக் குறைவு இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். நாமாக ஒரு தொகையைச் சொல்வது சரியில்லை. பெரிய பெட்டி, உயர்ந்த பீடம் என்று மேலே ஏற்றிப் பேசும் விற்பனைப் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நடுவில் இருக்கும் பெட்டியைக் காட்டி ‘பெரும்பாலோர் இதைத்தான் எடுக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லே துக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிடப் போதும். கீழ் விலையிலிருந்து தொடங்கிக் காட்டுங்கள்.

டிரை ஐஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஐஸைப் பஞ்சில் சுற்றி வயிற்றின் மேலும் மார்பின் மேலும் கழுத்தின் இருபுறமும் வைப்போம். அது ஆவியாகும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு பெட்டிக்குள் தேங்கும். பிரிய மனமில்லாமல் பெட்டிக்குள் முகத்தை வைத்து அழுத உறவினர்கள் மயங்கி இறந்திருக்கிறார்கள். 2023-இல் நுகர்வோர் விவகார முகமையே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பெட்டிக்குள் முகத்தை நுழைக்க வேண்டாம் என்றும், இரவில் ஒருவர் தனியாகப் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தலைசுற்றினால் உடனே வெளியே வரச் சொல்லுங்கள். சொல்லச் சங்கடமாக இருக்கிறது என்று விடுகிற விஷயமில்லை இது.

பெட்டிக்குள் வைக்கும் பொருள்களையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். கண்ணாடி, உலோகம், பேட்டரி, கார்பன் ஃபைபர் மீன்தூண்டில், தடித்த புத்தகம், தர்பூசணி போல நீர் நிறைந்த பழம் எதுவும் ஆகாது. எலும்பில் கறை படியும், அல்லது உலையில் வெடிக்கும். இறந்தவர் உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் தகனக்கூடத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மூடும் நேரத்தில் பேத்தி வைத்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. முன்பே சொல்லியிருந்தால் கண்ணாடியைப் படமாக வரைந்து வைத்திருப்பாள்.

பேச்சில் சில ஒழுங்குகள். இறந்தவரைப் பெயர் சொல்லி, ‘சமா’ என்ற மரியாதைச் சொல் சேர்த்தே குறிப்பிடுங்கள். உடலைத் தூக்கும் முன், திருப்பும் முன் அவரிடமே ‘ஷிட்சுரெய் இதாஷிமாசு’ (மன்னிக்க வேண்டும்) என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். குடும்பம் அதைக் கவனிக்கும். ‘கசநெகசநெ’ (மேலும் மேலும்), ‘தபிதபி’ (அடிக்கடி) போன்ற இரட்டைச் சொற்கள் துக்கம் திரும்பி வரும் என்று ஒலிப்பதால் தவிர்க்கப்படும். என்-2 தேர்வில் இந்த மரியாதை மொழி வராது. மூத்தவர் பேசுவதை எழுதிவைத்து வாய்விட்டுப் படியுங்கள். அழுகிறவரிடம் ‘புரிகிறது’ என்று சொல்லாதீர்கள். கண் மட்டத்துக்குத் தாழ்ந்து உட்கார்ந்து காத்திருங்கள்.

காகித வேலையை நிறுவனமே செய்து கொடுக்கும். மருத்துவர் தரும் மரணச் சான்றிதழும் இறப்பு அறிவிப்புப் படிவமும் ஒரே தாளின் இரு பாதிகள். ஏழு நாளுக்குள் நகராட்சியில் கொடுத்தால் தகன அனுமதி கிடைக்கும். கொடுத்த தாள் திரும்பி வராது. காப்பீடு, ஓய்வூதியம், வங்கி எல்லாவற்றுக்கும் வேண்டியிருக்கும் என்பதால் கொடுக்கும் முன் ஐந்தாறு நகல் எடுத்துக் குடும்பத்திடம் கொடுங்கள். இறந்து 24 மணி நேரம் ஆகாமல் எரிக்கக் கூடாது என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டம்.

எரியூட்டி ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் எலும்பு பொறுக்கும் சடங்கு அங்கேயே நடக்கும். மறுநாள் காடாற்றி அஸ்தி எடுக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இருவர் சேர்ந்து கோல்களால் எடுப்பார்கள். காலில் தொடங்கித் தலையில் முடிப்பார்கள், கலசத்துக்குள்ளும் அவர் நின்ற நிலையில் இருக்க வேண்டும் என்பதற்காக. கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பு, அமர்ந்த புத்தர் போலத் தோன்றுவதால், கடைசிக்கென்று ஒதுக்கப்படும். கிழக்கு ஜப்பானில் எலும்பு முழுவதையும் எடுப்பதால் சுமார் 21 செ.மீ. உயரக் கலசம் வேண்டும். மேற்கில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதால் சிறியது போதும். ஒசாகாவிலிருந்து வந்த உறவினர் கலசத்தைப் பார்த்து வியப்பார். முன்பே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். தகனக்கூடம் முத்திரையிட்டுத் திருப்பித் தரும் தகன அனுமதித் தாள் கலசப் பெட்டிக்குள் இருக்கும். அது இல்லாமல் எந்தக் கல்லறையிலும் அஸ்தியை வைக்க விடமாட்டார்கள். பெட்டியைக் கையில் கொடுக்கும்போது அதைக் காட்டிக் கொடுங்கள்.

நம் பதினாறாம் நாள் போல இங்கே 49-ஆம் நாள். அதுவரை வெள்ளை மரத்தாலான தற்காலிகப் பெயர்ப்பலகை இருக்கும். அன்றைக்கு அரக்குப் பூசிய நிரந்தரப் பெயர்ப்பலகை, அதாவது இஹாய், தயாராக இருக்க வேண்டும். எழுத்துப் பொறிக்க ஓரிரு வாரம் ஆகும் என்பதால், முதல் மாதத்திலேயே நினைவூட்டி ஒரு கடிதம் போடுங்கள். ஜோதோ ஷின்ஷூவில் பொதுவாக இஹாய் வைப்பதில்லை. நினைவு ஆண்டுக் கணக்கில் புதியவர்கள் தவறுவது வழக்கம்: முதலாவது ஓராண்டு நிறைவில், ஆனால் ‘மூன்றாவது’ என்பது இரண்டாண்டு நிறைவில், ‘ஏழாவது’ ஆறாண்டு நிறைவில்.

சொந்தமாகத் தொடங்குவதைப் பற்றி. ஈமச்சடங்கு நிறுவனம் நடத்த இந்த நாட்டில் தனி உரிமம் கிடையாது. உடலை வாடகைக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்கு மட்டும் சரக்குப் போக்குவரத்து அனுமதியும் பச்சை எண் பலகையும் வேண்டும். யார் வேண்டுமானாலும் கடை திறக்கலாம் என்பதால்தான் சோசாய் டைரக்டர் என்னும் ஈமச்சடங்குத் தொழில் தேர்வுச் சான்றிதழுக்கு மதிப்பு. இரண்டாம் நிலைக்கு இரண்டு ஆண்டு அனுபவம், முதல் நிலைக்கு ஐந்து ஆண்டு. ஆனால் வெளிநாட்டவர் நிறுவனம் நடத்தும் விசாவுக்கு 2025 அக்டோபர் முதல் மூன்று கோடி யென் மூலதனம் கேட்கிறார்கள். முன்பு ஐம்பது லட்சமாக இருந்தது. முதல் நிலை கைக்கு வரும்வரை அந்த எண்ணத்தைத் தள்ளிவையுங்கள். இப்போதைக்கு அவசரம் வேறு: மொழிபெயர்ப்பு, அலுவலகப் பணிக்கென்று தரும் விசாவில் முழுநேரமும் உடல் தூக்குவதும் கூடம் ஒழுங்கு செய்வதும் வேலையாக இருந்தால் புதுப்பிக்கும்போது சிக்கல் வரும். உங்கள் பணி விவரத்தை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி, குடிவரவு வேலை பார்க்கும் ஒரு கியோசெய் ஷோஷியிடம் (அரசு விண்ணப்பங்களைத் தயாரிக்கும் உரிமம் பெற்றவர்) காட்டிவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.